ஏற்காடு ஏற எத்தனை குதிரை வேண்டும்? பழைய பெட்ரோல் காருக்குப் பவர் ஏற்றும் வழிகள், ஓர் அலசல்

சேலத்தில் பழைய ஸ்விஃப்ட், ஐ10, வேகன் ஆர் வைத்திருப்பவர்களிடம் பேசினால் ஒரே புகார்தான். ஊருக்குள் வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, குடும்பத்தோடு ஏற்காடு ஏறினால் மட்டும் இழுவை இல்லை. உடனே அடுத்த கேள்வி: எதை மாட்டினால் பிக்கப் கூடும்? கையில் இருப்பதோ இருபது, முப்பதாயிரம். ஃபில்டர், சைலன்சர், ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரைத் திருத்துவது), டர்போ கிட் (காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி), வண்டியையே மாற்றுவது என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். உதாரணத்துக்கு 2011-ல் வந்த இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்ட் பெட்ரோல்: 1.2 லிட்டர், 6000 ஆர்பிஎம்மில் (இன்ஜின் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்று) 87 பிஎஸ், அதாவது குதிரைத்திறன்; 4000 ஆர்பிஎம்மில் 114 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை.

பொருள் வாங்குவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். ஐந்து பேரும் பைகளும் ஏறிய ஸ்விஃப்ட் 1300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதை 40 நிமிடத்தில் 1200 மீட்டர் தூக்க, சராசரியாகத் தேவைப்படுவது ஒன்பது குதிரைத்திறனுக்கும் கீழே. டயர் உராய்வு, காற்றுத் தடை எல்லாம் சேர்த்தாலும் சராசரி இருபதைத் தாண்டாது. கையில் இருப்பதோ 87.

அப்புறம் ஏன் மூச்சு வாங்குகிறது? முதல் காரணம், அந்த 87 கிடைப்பது 6000 ஆர்பிஎம்மில். கொண்டை ஊசி வளைவு திரும்பி மூன்றாவது கியரில் 1500-ல் உருட்டிக்கொண்டு வந்தால், இன்ஜின் தருவது இருபது குதிரை இருந்தால் பெரிது. அதிலும் ஏசி கம்ப்ரசர் மூன்று நான்கை எடுத்துக்கொள்ளும். ஏற்காட்டில் மொத்தம் 20 கொண்டை ஊசி. இருபதிலும் இதே கதை. பட்டறைக்குப் போனால் அனுபவமுள்ள மெக்கானிக் பானெட்டைத் திறப்பதற்கு முன் கேட்பது, "ஏனுங்க, வளைவுல எத்தனாவது கியர் போடுறீங்க?" இரண்டாவதுக்கு இறக்கி, 3000-ல் வைத்து, வளைவு முடியும்வரை ஏசியை அணைத்துப் பாருங்கள். செலவில்லாத இந்த வழியை, கீழே வரும் எதுவும் மலையில் லேசில் மிஞ்சாது. ரிவ் ஏற்றினால் இன்ஜின் கெட்டுவிடும் என்ற பயம் இங்கே பலருக்கு இருக்கிறது. 3500 ஆர்பிஎம் என்பது பெட்ரோல் இன்ஜினுக்குச் சாதாரண நடைதான்.

இரண்டாவது காரணம் காற்று. மேலே போகப் போக அடர்த்தி குறைகிறது. ஏற்காட்டில் காற்று சேலத்தைவிட ஏறக்குறைய 11 சதவீதம் லேசு. டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவுக்குச் சக்தியை இழந்தே தீரும். ஆகவே ஒவ்வொரு பொருளிடமும் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு: எந்த ஆர்பிஎம்மில் தருகிறாய்? அந்த 11 சதவீதத்தை ஈடுகட்டுவாயா?

முதல் போட்டியாளர், இழந்ததை மீட்பது. கேட்க ரசமில்லாத வழி, ஆனால் என் ஓட்டு இதற்குத்தான். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் 87 குதிரையும் உயிரோடு இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அமுங்குகிறது என்று அளப்பது. பிளக்குகளைக் கழற்றி, கேஜை மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்தால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் எண் வரும். நான்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் பத்து, பதினைந்து சதவீதம் கீழே இருந்தால், அந்தப் பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். எண் ஏறினால் தேய்ந்தது பிஸ்டன் ரிங். ஏறாவிட்டால் சந்தேகம் வால்வு மேல். இந்த நிலையில் இருக்கும் இன்ஜினுக்கு ஃபில்டரும் ரீமேப்பும் வாங்குவது வீண்.

கம்ப்ரஷன் சரி என்றால் செலவு குறைவு. புது பிளக், கம்பெனி ஏர் ஃபில்டர், த்ராட்டில் பாடி சுத்தம், இன்ஜெக்டர் சுத்தம், ஸ்கேனர் போட்டு ஆக்சிஜன் சென்சார் பார்ப்பது. பலரும் மறப்பது பிரேக். ஊருக்குள் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கி, நான்கு வீல் பக்கமும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்ஜின் எவ்வளவு கொடுத்தாலும் அது தின்றுவிடும். கிளட்சுக்கும் எளிய சோதனை உண்டு. டாப் கியரில் 50-ல் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் தாவி, வேகம் ஏறாமல் நின்றால் பிளேட் போய்விட்டது.

இதோடு டயரையும் சேர்த்துக்கொள்ளலாம். அழகுக்காக அலாய் மாட்டி 165/80 ஆர்14-லிருந்து 195/65 ஆர்15-க்குப் போனவர்கள் நிறையப் பேர். சக்கரத்தின் விட்டம் சுமார் 15 மில்லிமீட்டர் கூடுகிறது. எல்லா கியரிலும் இழுவை 2.4 சதவீதம் குறைகிறது. ரீமேப்புக்குக் காசு கொடுத்து வாங்கும் லாபத்தில் பாதியை இங்கேயே தொலைத்துவிட்டுத்தான் பலர் ரீமேப் கடைக்குப் போகிறார்கள்.

இரண்டாவது, ஏர் ஃபில்டர். கம்பெனிப் பெட்டிக்குள்ளேயே உட்காரும் கழுவிப் பயன்படுத்தும் ஃபில்டர் கெடுதல் செய்யாது; பெரிய நன்மையும் செய்யாது. அழுக்கேறிய பழையதைக் கழற்றிவிட்டு இதைப் போட்டால் வித்தியாசம் தெரியும், புதுக் கம்பெனி ஃபில்டர் போட்டாலும் அதே வித்தியாசம் தெரியும். பானெட்டுக்குள் திறந்தபடி நிற்கும் கூம்பு ஃபில்டர்தான் ஏமாற்று. உர்ரென்ற சத்தம் கேட்டதும் வேகம் கூடியதுபோல் இருக்கும். உண்மையில் அது இழுப்பது இன்ஜின் சூட்டுக் காற்றை. வெளியே 40 டிகிரி, பானெட்டுக்குள் 60 என்றால் காற்றின் அடர்த்தி 6 சதவீதம் போச்சு. சேலத்து மே மாதத்தில் இதை மாட்டினால் அடிவாரத்திலேயே பாதி ஏற்காடு உயரத்துக் காற்றைச் சுவாசிக்கிறீர்கள்.

மூன்றாவது, ஹெட்டரும் (இன்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்கள்) ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் (புகைக்குத் தடை குறைந்தது). புகை வேகமாக வெளியேறுவதால் லாபம் இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் 5000-க்கு மேலே. குழாய் அகலம் அதிகமானால் கீழ் ஆர்பிஎம் இழுவை குறையவும் செய்யும். மலைக்கு நேர் எதிர். புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றினால் புகைச் சான்றிதழில் சிக்கல். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து ஆர்சி விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரும் இதைத்தான் முதலில் பிடிப்பார்.

நான்காவது, ரீமேப். இசியூ என்ற இன்ஜின் கம்ப்யூட்டரில் எரிபொருள், இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) கணக்கைத் திருத்துவது. டர்போ வண்டியில் பூஸ்டை (டர்போ காற்றை அமுக்கும் அழுத்தம்) ஏற்றி 20, 30 சதவீதம் எடுக்க முடியும். டர்போ இல்லாததில் ஏற்றுவதற்குப் பூஸ்டே இல்லை. பொதுவாக 5 முதல் 8 சதவீதம்தான். மாட்டுகிற பொருட்களில் மலைக்குக் கொஞ்சமாவது உதவுவது இதுதான், ஏனென்றால் நல்ல ட்யூனர் நடு ஆர்பிஎம்மைச் சீராக்குவார், ஆக்சிலரேட்டருக்கு இன்ஜின் உடனே பதில் சொல்லும். ஆனால் பதினைந்தாயிரத்துக்கு மேல் கொடுத்து, மேலே போனதும் இழக்கும் 11 சதவீதத்தில் பாதியைத்தான் வாங்குகிறீர்கள். டைமிங்கை ரொம்ப முன்னே தள்ளினால் நாக்கிங் (பெட்ரோல் கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) வரும், பிறகு விலை கூடிய பெட்ரோலே கதி. ட்யூன் செய்யாத வண்டிக்கு 95, 100 ஆக்டேன் ஊற்றிப் பிக்கப் எதிர்பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். நாக் ஆகாத இன்ஜினுக்கு அதனால் பயனில்லை. ஓபிடி போர்ட்டில் (ஸ்கேனர் மாட்டும் இடம்) செருகும் ஆயிரம் ரூபாய் 'சிப்' பற்றி எழுதி இடத்தை வீணாக்க வேண்டாம்.

டர்போ கிட், இன்ஜின் மாற்றம்: இந்த பட்ஜெட்டில் இல்லை. டர்போவோடு இன்டர்கூலர், பெரிய இன்ஜெக்டர், கிளட்ச், ட்யூனிங் என்று வண்டி விலையையே தாண்டும். பிறகு ஆர்சி சிக்கல் வேறு.

கடைசிப் போட்டியாளர், வண்டியை விற்று டர்போ பெட்ரோல் வாங்குவது. பணம் சேர்த்தால் உண்மையான மாற்றம் இங்கேதான். டாடா போல்ட், ஜெஸ்ட் இரண்டிலும் 1.2 லிட்டர் ரெவோட்ரான் டர்போ இன்ஜின், 90 பிஎஸ். ஸ்விஃப்ட்டின் 87-ஐவிட மூன்றுதான் கூட என்று தோன்றும். ஆனால் 140 நியூட்டன் மீட்டர், அதுவும் 2000-ஐத் தொடும் முன்பே. வளைவு முடிந்து வெளியே வரும் இடம் அதுதானே. உயரத்தில் காற்று லேசானாலும் டர்போ கூடுதலாக அமுக்கிப் பெரும்பகுதியை ஈடுகட்டும். போலோ ஜிடி டிஎஸ்ஐ 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர், ஆனால் அதன் டிஎஸ்ஜி என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பழுதானால் செலவு வயிற்றைக் கலக்கும். 118 பிஎஸ் ஹோண்டா சிட்டி ஐ-விடெக் டர்போ இல்லாமலேயே போதும் என்பேன், அது மேலே சுற்ற விரும்பும் இன்ஜின். தொப்பூர் மேட்டில் லாரிகளைத் தாண்டுவதுதான் உங்கள் தினசரி வேலை என்றால் சிட்டி. வாரக்கடைசி ஏற்காடு என்றால் டர்போ. ஹெட்டரும் ரீமேப்பும் சேர்த்துப் போட்டு ரசிக்கக்கூடிய வண்டியும் இந்தக் கூட்டத்தில் சிட்டி ஒன்றுதான்.

பழைய டர்போ வாங்கப் போனால் ஐந்து ரோட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கோரிமேடு தாண்டி நாலைந்து கொண்டை ஊசி ஏற்றுங்கள். பின்னால் நீலப்புகை வருகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். ஆயில் மாற்றிய பில் வரிசையாக இருக்கிறதா என்று கேளுங்கள். பில் காட்டாத டர்போ எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.