ஈரக் கொழுந்தும் சோடியமும்: டீஎன்ஏவைக் கழுவ எந்த வழி?

மழை நாளில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கென்று சில கிலோவைக் கழித்துவிடுவார்கள். "இலை எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு தராசுக்கு எப்பிடித் தெரியும்?" என்று அம்மா வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளுவார். எலக்ட்ரோஸ்பிரே திணிவு நிறமாலைமானிக்கு டீஎன்ஏ தயாரிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேள்விதான் ஞாபகம் வரும். அதுவும் ஒரு தராசு, மூலக்கூறுகளை மின்னேற்றி எடை பார்ப்பது. டீஎன்ஏவில் ஒட்டிய உப்புதான் அதற்கு மழைத்தண்ணீர்.

டீஎன்ஏ இழை நெடுக மறை ஏற்றமுள்ள பொஸ்பேற்றுகள் இருக்கின்றன. சோடியமும் பொட்டாசியமும் அவற்றை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு ஐதரசனின் இடத்தில் சோடியம் உட்கார்ந்தால் திணிவு 22 டால்ற்றன் கூடும் (ஒரு டால்ற்றன் ஏறக்குறைய ஓர் ஐதரசன் அணுவின் எடை). பொட்டாசியம் என்றால் 38. இருபது நியூக்கிளியோட்டைட் (இழையின் கண்ணிகள்) கொண்ட சின்ன இழையில் 19 பொஸ்பேற்று. ஒன்றும் ஏறாததிலிருந்து எல்லாம் ஏறியது வரை, சோடியத்தால் மட்டுமே 20 வெவ்வேறு எடைகள் வரலாம். சமிக்ஞை இப்படிச் சிதறினால் கருவியின் திரையில் எந்த உச்சியும் தலைதூக்காது. நாம் தேடுவதோ அடினீன் என்ற காரம் இருந்த இடத்தில் தைமீன் வந்திருக்கிறதா என்பதை, அதாவது வெறும் 9 டால்ற்றனை. கணக்கப்பிள்ளையாவது குத்துமதிப்பாகக் கழிப்பார். இங்கே மூலக்கூறுக்கு மூலக்கூறு ஒட்டியது வேறு, கழிக்கவும் வழியில்லை.

எனவே சோடியத்தை விரட்டி அந்த இடத்தில் அமோனியத்தை உட்கார வைக்கிறோம். கருவிக்குள் வாயுவாகும்போது அது அமோனியாவாகப் பறந்துவிடும், புரோத்தன் மட்டும் மிஞ்சும். எப்படி விரட்டுவது என்பதில்தான் போட்டி.

நான் பார்ப்பது தேயிலை இலையிலிருந்து எடுத்த டீஎன்ஏவை பிசிஆரில் பெருக்கிய, 100 கார இணை அளவிலான துண்டுகளை. வழக்கமான பிசிஆர் கலவையில் 50 மில்லிமோலர் பொட்டாசியம் குளோரைட்டு, மக்னீசியம், அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் டிரிஸ், சில சமயம் டிடர்ஜென்ட், மிச்சமான நியூக்கிளியோட்டைட் எல்லாம் கிடக்கும். இதை அப்படியே கருவிக்குள் விட்டால் கருவிக்குப் பொறுப்பானவர் உங்களை அடுத்த முறை வாசலோடு அனுப்பிவிடுவார்.

எல்லாரும் முதலில் கைவைப்பது சிலிக்கா வடிகுழல் கிட். பத்து நிமிட வேலை, கை பழகியது. ஆனால் அதில் போகும் குவனிடின் உப்பின் எச்சமும், கடைசியில் ஊற்றும் டிரிஸ் கரைசலும் புதுத் தலையிடி. ஜெலி வடிகுழலும் ஏறக்குறைய இப்படித்தான்: கரைசலில் மிதக்கும் உப்பைப் பிடித்துவைக்கும், பொஸ்பேற்றோடு ஒட்டிய சோடியம் டீஎன்ஏவோடு சேர்ந்தே வெளியே வந்துவிடும். குழலை முதலிலேயே அமோனியம் அசற்றேற்றால் நன்றாகக் கழுவினால் கொஞ்சம் தேறும். இரண்டையும் ஆரம்பச் சுத்தம் என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பழைய எதனோல் வீழ்படிவு. என் ஓட்டு இதற்குத்தான். 50 மைக்ரோலீற்றர் மாதிரிக்கு 10 மோலர் அமோனியம் அசற்றேற்று 17 மைக்ரோலீற்றர் விட்டால் செறிவு 2.5 மோலரை ஒட்டி வரும். அப்புறம் இரண்டரை மடங்கு குளிர் எதனோல், மறை 20 பாகையில் ஓர் இரவு, மையநீக்கியில் அரை மணித்தியாலம், 70 வீத எதனோலில் ஒரு கழுவல். படிவு கண்ணுக்குத் தெரியாது. குழாயின் வெளிப்பக்கத்தில் முன்கூட்டியே மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால், எந்தப் பக்கம் பிப்பெற் நுனி படக்கூடாது என்பது தெரியும். அமோனியம் உப்பில் வீழ்படுத்தும்போது மிச்சமான நியூக்கிளியோட்டைட் பெரும்பாலும் மேல் திரவத்திலேயே தங்கிவிடுவது கூடுதல் லாபம். ஒரு தடவை போதாது, இரண்டு தடவை செய்யவேண்டும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் டீஎன்ஏ போய்த்தான் தீரும். 20 நியூக்கிளியோட்டைட்டுக்குக் குறைந்த துண்டுகள் ஒழுங்காக வீழவே வீழாது. அவற்றுக்கு இந்த வழி சரிவராது.

இன்னொன்றும் உண்டு. 2022இல் இலங்கையில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போன நாட்களில், பிரிட்ஜில் கரைசலாக இருந்த மாதிரிகளை நினைத்துத் தூக்கம் வரவில்லை. எதனோலுக்குள் கிடந்தவற்றைப் பற்றிக் கவலையே இல்லை. ஹட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் கொண்டுபோவதற்கும் உலர்ந்த படிவுதான் சுகம். ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் உருகுகிறதா என்று வளைவுக்கு வளைவு திறந்து பார்க்கத் தேவையில்லை.

துளி டயலிசிஸ் இதற்கு நல்ல கூட்டாளி. பெட்ரி தட்டில் நீர்த்த அமோனியம் அசற்றேற்றை ஊற்றி, 0.025 மைக்ரோன் துளையுள்ள மெல்லிய வடிதாளை அதன்மேல் மிதக்கவிட்டு, நடுவில் மாதிரியைத் துளியாக வைத்து மூடிவிடுங்கள். அரை மணி, ஒரு மணி நேரத்தில் உப்பு கீழே இறங்கிவிடும். தட்டைத் தட்டிவிட்டால் துளி கவிழும், நாள் வீண். பிசிஆர் நொதியம் போன்ற பெரிய மூலக்கூறுகள் துளியிலேயே நிற்பதால் இதை மட்டும் நம்பவும் முடியாது.

ஆகத் துப்புரவானது ஹெக்ஸாபுளோரோ ஐசோபுரொப்பனோலும் டிரைஎதில் அமீனும் கலந்த திரவ நிறப்பகுப்பு, அதாவது கலவையைக் குழலுக்குள் ஓடவிட்டுப் பிரிப்பது. கழுவலும் பிரிப்பும் கருவியின் வாசலிலேயே நடந்துவிடும், சின்னத் துண்டுகளுக்கும் பிரச்சினையில்லை. ஆனால் அந்தத் திரவத்தின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதைவிட, டிரைஎதில் அமீன் கருவிக்குள் ஒட்டிக்கொண்டு, பிறகு நேர் ஏற்ற முறையில் ஓடுபவர்களுக்கு 102இல் ஓர் உச்சியாக நாட்கணக்கில் தலைகாட்டும். பொதுக் கருவியில் நேரம் கேட்டு வரிசையில் நிற்கிற எங்களுக்கு அனுமதி கிடைப்பது அபூர்வம். பிரைமர் (பிசிஆரைத் தொடக்கிவைக்கும் சின்ன இழை) அளவிலான துண்டுதான் உங்கள் வேலை என்றால் மன்றாடியாவது வாங்குங்கள்.

எனக்கு இப்போது பழகிவிட்ட வழி இது: எதனோல் இரண்டு தடவை, உலர்த்தி பஸ் ஏற்றம், அங்கே போய்க் கரைத்துத் துளி டயலிசிஸ், கடைசியில் கொஞ்சம் இமிடசோலும் பிப்பெரிடினும். மிச்ச சோடியத்தை அடக்க இந்த இரண்டும் உதவும்.

ஒரு தடவை இத்தனையும் செய்துவிட்டு, பார்க்க அழகாக இருந்ததே என்று மாதிரியைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி இரவு முழுக்க வைத்துவிட்டேன். காலையில் திரையில் 22, 44, 66 என்று படிப்படியாகச் சோடியம். கண்ணாடியிலிருந்தே கசிந்து வந்திருந்தது. அன்றிலிருந்து பொலிபுரொப்பிலீன் குழாய் மட்டும்தான்.