திமிங்கிலமும் ஆமையும்: வூ யங் வூ, தாஃபூ

ஆட்டிசம் உள்ளவர்களைக் கொரியாவிலும் சீனாவிலும் திரையில் எப்படிக் காட்டுகிறார்கள் என்று யோசித்தால் எனக்கு இரண்டு பேர் நினைவுக்கு வருகிறார்கள். 2022-இல் வந்த 'எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ' கொரியத் தொடரின் நாயகி வூ யங் வூ, ஆட்டிசம் உள்ள வழக்கறிஞர். விகடகவி மாதிரி தன் பெயரைத் திருப்பிப் படித்தாலும் அதேதான் என்று சொல்லித்தான் அறிமுகமாவாள். தினமும் கிம்பாப் (கடற்பாசித் தாளில் சுருட்டிய சோறு), உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிவதால் வாயில் அதிர்ச்சி இல்லையாம். சுழல் கதவைக் கடக்கத் திணறுவதையும் பார்க்கலாம். ஆனால் சட்டப் புத்தகம் முழுக்க மனப்பாடம். ஏதாவது யோசனை தோன்றினால் திரையில் திமிங்கிலம் துள்ளும். அழகுதான், கொஞ்சம் அதிகமான அழகு. மூன்றாவது அத்தியாயத்தில் அதிகம் பேசாத, ஆட்டிசம் உள்ள ஒரு இளைஞனின் வழக்கை அவளிடமே கொடுத்து, தொடர் தன்னையே கேள்வி கேட்டுக்கொள்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது.

சீனப் பக்கம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது தொடர் அல்ல, 2010-இல் வந்த 'ஓஷன் ஹெவன்' படம். அதில் வரும் ஆட்டிசம் உள்ள மகன் தாஃபூவிடம் மேதைமை எதுவும் கிடையாது. நன்றாக நீந்துவான், அவ்வளவுதான். புற்றுநோயால் சாகப்போகும் அப்பா (சண்டைப் பட நாயகன் ஜெட் லீ, இதில் சண்டையே போடாமல்!) அவனுக்கு முட்டை அவிக்கவும் பஸ்ஸில் ஏறி இறங்கவும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறார். அப்புறம் முதுகில் ஆமை ஓட்டைக் கட்டிக்கொண்டு, மகனோடு மீன் காட்சியகத் தொட்டியில் நீந்துகிறார். தான் போன பிறகு ஆமையைப் பார்த்தால் அப்பா என்று நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான்.

வூவின் வீட்டில் நாளை என்ன ஆகுமோ என்ற பயம் எனக்கு வரவே இல்லை. தாஃபூவின் வீட்டில் அந்தப் பயம்தான் கதையே.