முதல்வர் என்றால் எந்த முதல்வர்? ஒரு மொழிபெயர்ப்புச் செயலியின் மதிப்புரை

மெய்ப்புப் பார்க்கும் வேலைக்காகச் சந்தா செலுத்தி மூன்று மாதங்களாக நான் பயன்படுத்திவரும் ஒரு தமிழ்–ஆங்கில மொழிபெயர்ப்புச் செயலியைப் பற்றியது இம்மதிப்புரை. அதன் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். இந்தக் குறை அதற்கு மட்டுமே உரியதாக இருக்குமென்று தோன்றவில்லை. சுற்றறிக்கை, விண்ணப்பம், வங்கிக் கடிதம் ஆகியவற்றை விரைவாகவும் பெரும்பாலும் பிழையின்றியும் தருகிறது. பதவிப் பெயர்களில்தான், குறிப்பாக ‘முதல்வர்’ என்ற சொல்லில், தடுமாறுகிறது.

தமிழ்நாட்டு நாளிதழில் வெறுமனே முதல்வர் என்று வந்தால் முதலமைச்சர். கல்லூரி வளாகத்திலோ அதே சொல் பிரின்சிபாலைக் குறிக்கும். ‘கல்லூரி முதல்வர்’ என்று சேர்த்து எழுதினால் செயலி சரியாகவே பெயர்க்கிறது. அடுத்த வாக்கியத்தில் ‘முதல்வர் மாணவர்களுக்குத் தேர்வு நுழைவுச்சீட்டு வழங்கினார்’ என்றதும் சீஃப் மினிஸ்டரைக் கோட்டையிலிருந்து அழைத்து வந்துவிடுகிறது. இதையாவது படிப்பவர் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்வார்.

இலங்கைச் செய்திகளில் நேரும் பிழை எளிதில் கண்ணில் படாது. அங்கே ‘யாழ்ப்பாண மாநகர முதல்வர்’ என்பவர் மேயர். வட மாகாணத்தில் 2013 முதல் 2018 வரை சி.வி. விக்னேஸ்வரன் வகித்த பதவியோ முதலமைச்சர் பதவி. பின்னவரையும் சுருக்கி முதல்வர் என்று எழுதுவதுண்டு என்பதால், எந்த அவையைப் பற்றிய செய்தி என்று பார்க்காமல் பொருள் கொள்ள முடியாது. செயலி அவ்வாறு பார்ப்பதில்லை. குப்பை அகற்றுவது குறித்து மேயர் சொன்னதை மாகாண அரசின் அறிவிப்பாக மாற்றிவிட்டது. அங்குள்ள உள்ளாட்சி அமைப்பான பிரதேச சபையின் ‘தவிசாளர்’ வந்தபோது அப்படியே ஒலிபெயர்த்துவிட்டு நகர்ந்தது. தவிசு என்றால் இருக்கை. சேர்மன் என்ற பொருள் அச்சொல்லிலேயே இருக்கிறது.

பழைய செய்திகளிலும் இதே கதைதான். 1937இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி ஏற்ற பதவியை அக்காலத்தவர் பிரதம மந்திரி என்றே அழைத்தனர். மாநில முதலமைச்சர் என்னும் பெயர் 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புக்குப் பின் நிலைத்தது. செயலியின் மொழிபெயர்ப்பைப் படிப்பவர், நாடு முழுவதற்குமான பிரதமர் சென்னையில் இருந்தார் என்று நினைத்துக்கொள்ளக்கூடும்.

பயனர் தாமே சொற்பட்டியல் சேர்க்கும் வசதி உண்டு. ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரு பொருளைத்தான் ஏற்கிறது. யாழ்ப்பாணத்துக்காக முதல்வரை மேயராக்கினால், மறுநாள் தமிழ்நாட்டுச் செய்தியிலும் மேயர்தான் ஆட்சி நடத்துகிறார். ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். மாதச் சந்தாவைத் தொடர்கிறேன், ஆண்டுச் சந்தாவுக்கு மாறவில்லை.