சிங்கராஜாவா, நக்கிள்ஸா? திருகோணமலையிலிருந்து மழைக்காட்டுக்கு

மழைக்காடு பார்க்கப் போகலாம் என்று பேச்செடுத்தால், எந்தக் காடு பழையது என்பதிலேயே வாக்குவாதம் தொடங்கிவிடுகிறது. மலேசியாவின் தாமான் நெகாராவுக்கு 13 கோடி ஆண்டு வயது என்று சுற்றுலா விளம்பரங்கள் சொல்கின்றன. அவுஸ்திரேலியாவின் டெயின்ட்ரீ அதற்கும் மூத்தது என்று மெல்பேர்ண் உறவினர் சொல்வார். இந்தக் கோடிக்கணக்கில் எனக்கு அக்கறை இல்லை. திருகோணமலையில் இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, அப்போது அடிப்பது வாடையா (வடகிழக்குக் காற்று) கச்சானா (தென்மேற்குக் காற்று) என்பதைத்தான்.

வெளிநாட்டை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். தாமான் நெகாரா 4,343 சதுர கிலோமீற்றர். யுனெஸ்கோ பட்டியலில் உள்ள, இலங்கையின் தென்மேற்கிலிருக்கும் சிங்கராஜா வனம் 89 சதுர கிலோமீற்றருக்கும் குறைவு. பரப்புதான் பெரிது என்றால் மலேசியாவுக்குப் போகலாம். டெயின்ட்ரீ அடங்கிய குயின்ஸ்லாந்து ஈரவலயக் காடுகளும் சிங்கராஜாவும் ஒரே ஆண்டில், 1988இல், உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியவை. கசோவரிப் பறவையைப் பார்த்தே தீர வேண்டும் என்ற ஆசை இல்லாவிட்டால், அத்தனை விமானச் செலவு எதற்கு?

சிங்கராஜா போக ஒரு முழுப் பகல் வான் வண்டியிலேயே கழிந்துவிடும். ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் தாண்டி, இரத்தினபுரி போய், கலவானை வழியாகக் குடாவ வாயிலை அடைய வேண்டும். தெற்கே தெனியாயப் பக்கமாகப் பிட்டதெனிய வாயிலும் உண்டு. டிக்கெட் எடுத்து, வழிகாட்டி ஒருவரோடுதான் உள்ளே போகலாம். அவர் பெரும்பாலும் சிங்களத்தில்தான் விளக்குவார். குழுவில் சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவராவது இல்லாவிட்டால் பாதிக் காடு புரியாமலே போய்விடும்.

அங்கே நான் காத்திருக்கச் சொல்வது பறவைக் கூட்டத்துக்காக. நெடுநேரம் ஒரு சத்தமும் இருக்காது. திடீரென்று செம்மஞ்சள் அலகுத் தவிட்டுக்குருவிகள் கலகலவென்று வரும். அவை கலைக்கும் பூச்சிகளைப் பிடிக்கக் கொண்டைக் கரிச்சான் கூடவே வரும். ஆபத்து என்றால் முதலில் குரல் கொடுப்பதும் அதுதான். பின்னால் பல இனப் பறவைகள் ஒரே அணியாக மரம் மரமாக நகரும். அதிர்ஷ்டம் இருந்தால் அந்த அணியில் செம்முகப் பூங்குயிலும் இருக்கும். "கன்னிக்காடு" என்று விளம்பரத்தில் வாசித்துவிட்டுப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1970களில் இயந்திரம் இறக்கி இந்தக் காட்டின் ஒரு பகுதியில் மரம் தறித்தார்கள். எதிர்ப்பு வலுத்து 1977இல் அது நிறுத்தப்பட்டது. குடாவப் பக்கம் நடக்கும்போது, வெட்டுப்பட்டு மீண்டும் எழுந்த காட்டையும் சேர்த்தே பார்க்கிறீர்கள். என் கண்ணுக்கு அதனால் அதன் மதிப்புக் குறையவில்லை.

மத்திய மலைநாட்டின் நக்கிள்ஸ் மலைத்தொடர் நமக்குக் கிட்ட. தம்புள்ளை கடந்து மாத்தளை, ரத்தோட்டை வழியாக ஏறினால் ரிவஸ்டன். விடியற்காலையில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மலையில் நிற்கலாம். பாலையும் வீரையும் நிற்கும் நம்முடைய வறண்ட காட்டில் தொடங்கி, ஒரே பயணத்தில் பாசி படர்ந்த குள்ள மரங்கள் நிற்கும் முகில்காட்டுக்குள் நுழைவது சிங்கராஜாவில் கிடைக்காத அனுபவம். ஆனால் இது தாழ்நில மழைக்காடு அல்ல. வானை மறைக்கும் நெடுமரங்களை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். சில இடங்களில் மரங்களுக்குக் கீழே பழைய ஏலக்காய்ச் செடிகளைக் காணலாம். உலகில் வேறெங்கும் இல்லாத பல்லிகளும் தவளைகளும் இங்கே உண்டு. மத்திய மலைநாட்டின் மற்ற இரண்டு காடுகளோடு சேர்ந்து 2010இல் இதுவும் உலக மரபுரிமை ஆனது. ரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ் பேசி வழி கேட்கலாம் என்பதும் சிறிய வசதி அல்ல.

இன்னொரு சொந்தமும் இருக்கிறது. நக்கிள்ஸில் விழும் மழை அம்பன் கங்கை முதலிய ஆறுகள் வழியாக மகாவலியில் சேர்ந்து, கடைசியில் நம் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. சிங்கராஜாவின் தண்ணீர் களுகங்கை, ஜின் கங்கை வழியாக மேற்கிலும் தெற்கிலும் கடலுக்குப் போகிறது.

இனிக் காற்றுக்கு வருவோம். நம்மை நனைக்கும் வாடைமழை நக்கிள்ஸின் கிழக்குச் சரிவையும் நனைக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை அங்கே போவது வழுக்கலுக்கும் மண்சரிவுக்கும் நடுவே போவதுதான். கச்சான் வீசும் ஓகஸ்டில் அந்தச் சரிவு காய்ந்திருக்கும். ரிவஸ்டனில் மட்டும் காற்று ஆளைத் தள்ளும். சிங்கராஜாவுக்கு மே முதல் யூலை வரை கடும் மழை. வறண்ட மாதம் என்று அங்கே எதுவுமே இல்லை என்றாலும், பெப்ரவரி, மார்ச்சில் மழை ஓரளவு அடங்கும்.

ஆகவே பாடசாலைப் பிள்ளைகள் இருக்கும் குடும்பம் ஓகஸ்ட் விடுமுறையில் நக்கிள்ஸுக்குப் போகட்டும். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதி, படகு என்று தொழில் செய்பவர்களுக்கு ஓகஸ்டில் மூச்சுவிட நேரம் இருக்காது, பெப்ரவரியில் ஓய்வு. அவர்களுக்குச் சிங்கராஜா. குடாவவில் இரண்டு இரவு தங்க முடியாவிட்டால் அந்தப் பயணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுங்கள். விடியற்காலை நடை இல்லாத சிங்கராஜாவுக்காக அவ்வளவு தூரம் வான் ஓட வேண்டியதில்லை. அட்டை இரண்டு இடத்திலும் கடிக்கும். நீளக் காலுறையும் சவர்க்காரக் கட்டி ஒன்றும் பையில் இருக்கட்டும்.