ஸ்கடர்கள் எந்த ஊர்க்காரர்கள்? ஃப்ரீபிஎம்டி, ஃபேமிலிசர்ச் இரண்டையும் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் ஸ்கடர் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் இருக்க மாட்டார்கள், தலைமுறை தலைமுறையாக இங்கே ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிக் குடும்பத்தின் பெயர் அது. சிஎம்சி ஆஸ்பத்திரி வாசலில் ஓடுகிற ரோட்டுக்கு ஐடா ஸ்கடர் ரோடு என்று பெயர், ராணிப்பேட்டையில் ஸ்கடர் நினைவு மருத்துவமனை இருக்கிறது, எங்கள் சொந்தத்தில் பாதிப்பேர் பிறந்தது அங்கேதான். சின்ன வயசிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருப்பதால், இங்கிலாந்திலும் ஸ்மித், பிரவுன் மாதிரி தெருவுக்கு நாலு ஸ்கடர் இருப்பார்கள் என்றுதான் இங்கே பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இங்கிலாந்தில் அது மிக அரிதான குடும்பப்பெயர், பெரும்பாலும் தென்கிழக்கில் இருக்கிற கென்ட் என்ற ஒரே ஒரு மாவட்டத்துக்குள் அடங்கிய பெயர். அதை யாரும் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை, வீட்டில் உட்கார்ந்தபடி, பைசா செலவில்லாமல் நாமே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அதற்கு உதவிய இரண்டு இணையதளங்களைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

முதலில் ஃப்ரீபிஎம்டி. பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றுக்குமான ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள்தான் அந்த பிஎம்டி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1ஆம் தேதி முதல் அரசாங்கமே இந்த மூன்றையும் பதிவு செய்ய ஆரம்பித்தது, அந்தப் பதிவேடுகளின் அட்டவணையை 1998 முதல் தன்னார்வலர்கள் உட்கார்ந்து வரி வரியாகத் தட்டச்சு செய்து இதில் ஏற்றியிருக்கிறார்கள். விளம்பரத் தொல்லை பெரிதாக இல்லை, கணக்கு தொடங்கச் சொல்வதில்லை, கார்டு நம்பர் கேட்பதில்லை. பக்கத்தின் தோற்றம் பழைய காலத்து அரசாங்கப் படிவம் மாதிரிதான், போனில் பார்த்தால் கண் வலிக்கும், ஆனால் உள்ளே இருக்கிற சரக்கு தங்கம்.

குடும்பப்பெயர்க் கட்டத்தில் ஸ்கடர் (Scudder) என்று ஆங்கிலத்தில் போட்டு, பிறப்பு மட்டும் தேர்ந்தெடுத்து, ஆண்டு வரம்பு கொடுத்துத் தேடினால் காலாண்டு வாரியாகப் பட்டியல் வரும். ஒவ்வொரு வரியிலும் பெயர், பதிவு மாவட்டம், தொகுதி எண், பக்க எண் இருக்கும், 1911 செப்டம்பர் காலாண்டு முதல் அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரும் சேரும், அவ்வளவுதான். பார்ப்பதற்கு வெறும் எண்களாகத் தெரியும், ஆனால் மாவட்டம் என்ற அந்த ஒரு நிரலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தாலே விஷயம் பிடிபட்டுவிடுகிறது. டார்ட்ஃபர்ட், அதைச் சுற்றியுள்ள கென்ட் பகுதிகள் என்று திரும்பத் திரும்ப ஒரே வட்டாரம்தான் கண்ணில் படுகிறது. 1852 முதல் 1946 வரை கென்ட் பதிவுகளுக்குத் தொகுதி எண் 2ஏ, பக்கத்து சர்ரேவுக்கும் அதே எண்தான், அதனால் மாவட்டத்தின் பெயர் பழக்கமில்லாவிட்டாலும் அந்த 2ஏவைப் பார்த்து ஓரளவு அடையாளம் கண்டுபிடிக்கலாம். லண்டனுக்குத் தென்கிழக்கே, டேரன்ட் என்ற சின்ன ஆற்றை ஒட்டி ஹார்ட்டன் கிர்பி என்று ஒரு கிராமம் இருக்கிறது, ஸ்கடர்களின் பழைய வேர் அந்தப் பக்கம்தான். அந்தக் கிராமத்துக்கான பதிவு மாவட்டம் டார்ட்ஃபர்ட்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டார்ட்ஃபர்ட் என்று போட்டிருந்தால் குழந்தை டார்ட்ஃபர்ட் டவுனில் பிறந்தது என்று அர்த்தமில்லை. நம்மூர் சார்பதிவாளர் ஆபீஸ் மாதிரிதான், சுற்றியுள்ள பல கிராமங்களுக்கும் பதிவு அங்கேதான் நடக்கும். காலாண்டு என்பதும் பதிவு செய்த காலாண்டுதான், பிறந்த காலாண்டு இல்லை. பதிவு செய்ய 42 நாள் அவகாசம் உண்டு என்பதால் டிசம்பர் கடைசியில் பிறந்த குழந்தை அடுத்த வருஷத்து மார்ச் காலாண்டில் உட்கார்ந்திருக்கும். 1875க்கு முன்னால் பிறப்பைப் பதிவு செய்யாமல் விட்டவர்களும் உண்டு, அந்த வருஷத்துக்குப் பிறகுதான் சட்டம் இறுகியது. இதெல்லாம் தெரியாமல் தேடினால், ஆளைக் காணோம் என்று இணையதளத்தைத் திட்டிவிட்டுப் போய்விடுவோம்.

அரிதான பெயரைத் தேடுகிறவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி, ஒரு பெரிய தொல்லை. வசதி என்னவென்றால், ஸ்மித் என்று போட்டால் மூச்சு முட்டும், ஸ்கடர் என்று போட்டால் உட்கார்ந்து படித்து முடிக்கக்கூடிய அளவில்தான் பட்டியல் வரும். தொல்லை, ஒலிப்பு ஒப்புமைத் தேடல் என்ற அந்தச் சின்னப் பெட்டி. ஸ்கடரை சி எழுத்துக்குப் பதில் கே போட்டு எழுதியவர்களும் கென்ட்டில் உண்டு, அவர்களையும் பிடிக்கலாம் என்று அதை டிக் செய்தீர்களோ, தொலைந்தது. அதன் பின்னால் இருப்பது சவுண்டெக்ஸ் என்ற பழைய முறை, முதல் எழுத்தை வைத்துக்கொண்டு மீதி மெய்யெழுத்துகளை எண்களாக்கிவிடும், உயிரெழுத்துகளைக் கழித்துவிடும். எஸ்ஸும் சியும் கேயும் ஒரே எண் குழுவில் வருவதால், எஸ்ஸை அடுத்து வருகிற சியோ கேயோ காணாமல் போய்விடுகிறது. கடைசியில் ஸ்கடருக்குக் கிடைப்பது எஸ்360. அதே எஸ்360தான் சட்டருக்கும், சூட்டருக்கும், ஸ்காட்லாந்துக்காரர்களான சவுட்டர்களுக்கும். ஆக, கென்ட்டின் ஒரு மூலையைத் தேடிப் போனவர் முன்னால் நாடு முழுக்க இருக்கிற சவுட்டர்கள் வந்து வரிசை கட்டி நிற்பார்கள். அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள், இரண்டு எழுத்துமுறையையும் தனித்தனியாகத் தேடுங்கள். பத்து நிமிஷ வேலை.

அடுத்தது ஃபேமிலிசர்ச். அமெரிக்காவில் யூட்டாவில் இருக்கிற மார்மன் சபை நடத்துவது, 1894இல் ஆரம்பித்த வம்சாவளிச் சங்கத்தின் தொடர்ச்சி. இலவசம்தான், ஆனால் கணக்கு தொடங்க வேண்டும். ஃப்ரீபிஎம்டி 1837க்கு முன்னால் ஒரு அடி கூட நகராது, ஃபேமிலிசர்ச்சோ பழைய சபைப் பதிவேடுகள் வரைக்கும் போகும். இங்கிலாந்தில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு கோவிலும் எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது 1538இல். எல்லாக் கோவில் பதிவேடும் தப்பிப் பிழைக்கவில்லை, பிழைத்தது எல்லாமே ஏற்றப்படவும் இல்லை, சில படங்களை அவர்களுடைய மையத்துக்குப் போனால்தான் திறக்க முடியும். இருந்தாலும் இவ்வளவை இலவசமாகத் தருகிற வேறொரு இடம் என் கண்ணில் படவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஏப்ரல் 3ஆம் தேதி இரவு யார் யார் எந்த வீட்டில் தங்கியிருந்தார்களோ, அத்தனை பேரின் பெயரும் வயதும் தொழிலும் இருக்கும், கூடவே பிறந்த ஊர். குடும்பப்பெயரின் பரவலைப் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பிறந்த ஊர் நிரல்தான் உயிர். வசிக்கிற ஊரை மட்டும் பார்த்தால் லண்டன் எல்லாப் பெயரையும் விழுங்கியிருக்கும், ரயில் வந்த பிறகு வேலை தேடி லண்டனுக்குப் போகாத குடும்பம் எது? ஆனால் பிறந்த ஊரையும் சேர்த்துப் பார்த்தால் அவர்கள் எங்கிருந்து கிளம்பினார்கள் என்பது தெரிந்துவிடும். 1890இல் எச்.பி. கப்பி என்பவர் இந்த வேலையை வேறு விதமாகச் செய்தார். விவசாயிகள் நிலத்தை விட்டு அவ்வளவு லேசில் நகர மாட்டார்கள் என்ற கணக்கில், வர்த்தகக் கையேடுகளில் இருந்த விவசாயிகளின் பெயர்களை மட்டும் எண்ணி எந்தப் பெயர் எந்த மாவட்டத்துக்குச் சொந்தம் என்று புத்தகம் போட்டார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எவ்வளவு புத்திசாலித்தனமான யோசனை!

ஒரு பெயர் ஏன் அரிதாகவே இருந்துவிடுகிறது என்பதும் இந்தப் பட்டியல்களைப் பார்க்கப் பார்க்கப் புரிகிறது. பெயர் பொதுவாக ஆண்வழியில்தான் போகிறது. ஒரு வீட்டில் பெண்பிள்ளைகள் மட்டும் பிறந்தால் அந்தக் கிளையில் பெயர் நின்றுவிடும், ரத்தம் தொடரும், பெயர் தொடராது. ஒன்றிரண்டு குடும்பத்தில் ஆரம்பித்த பெயருக்கு இப்படி நாலு கிளை நின்றுபோனால் அதோடு முடிந்தது. கடல் தாண்டிப் போன கிளைக்கு நிலம் கிடைத்து, பிள்ளைகள் பிழைத்துப் பெருகினால், பெயர் பிறந்த ஊரை விடப் போன ஊரில் அதிகமாகிவிடும். ஸ்கடருக்கு நடந்தது அதுதான். 1630களில் தாமஸ் ஸ்கடர் என்பவர் மாசசூசெட்ஸின் சேலம் ஊருக்குப் போனார், பிள்ளைகள் லாங் ஐலண்டுக்கு நகர்ந்தார்கள், அடுத்த தலைமுறைகள் நியூ ஜெர்சிக்கு. இன்றைக்கும் நியூ ஜெர்சியையும் பென்சில்வேனியாவையும் இணைக்கிற ஒரு பாலத்துக்கு ஸ்கடர் ஃபால்ஸ் என்று பெயர். அந்த நியூ ஜெர்சிக் கிளையில் 1793இல் ஃப்ரீஹோல்டில் பிறந்த டாக்டர் ஜான் ஸ்கடர்தான் 1819இல் இலங்கைக்குக் கப்பலேறி, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வேலை பார்த்து, 1836இல் சென்னைக்கு வந்தவர். அவருடைய மகன்கள் மூன்று பேர் 1853இல் ஆற்காடு மிஷனை ஆரம்பித்தார்கள், இன்னொரு மகன் சைலஸ் 1866இல் ராணிப்பேட்டை ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். 1870இல் ராணிப்பேட்டையிலேயே பிறந்த பேத்தி ஐடா அம்மையார் 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்தது இன்றைக்கு சிஎம்சியாக எங்கே வந்து நிற்கிறது என்பதை இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நாலு தலைமுறையில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஸ்கடர்கள் இந்தப் பக்கம் ஊழியம் செய்திருக்கிறார்கள். கென்ட்டில் ஒரு மூலையில் இருந்த பெயர், வட ஆற்காட்டில் வீட்டுப் பெயர் ஆனது இப்படித்தான்.

இதை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது சிஎம்சியில் நர்சிங் படிக்கிற அக்கா மகள் கேட்டாள், "மாமா, அப்போ தமிழ்நாட்டுக்கு வந்த ஸ்கடர் எல்லாரும் ஒரே வீடா?" நல்ல கேள்வி. பதில், இல்லை. விடா ஸ்கடர் என்று அமெரிக்காவில் பேர்பெற்ற பேராசிரியை, 1861இல் மதுரையில் பிறந்தவர். அவருடைய அப்பா டேவிட் கோய்ட் ஸ்கடர் மதுரை மிஷனில் இருந்தவர், 1862இல் ஆற்றில் மூழ்கி இறந்துபோனார். அவர்கள் பாஸ்டன் ஸ்கடர்கள், வேறு கிளை, வேறு மிஷன். பட்டாம்பூச்சி ஆராய்ச்சியில் பெரிய பெயரெடுத்த சாமுவேல் ஸ்கடர் அந்த டேவிட்டின் தம்பி. பெயர் அரிது, நாடும் காலமும் ஒன்று, தொழிலும் ஒன்று, இருந்தும் நெருங்கிய உறவு இல்லை. அரிதான பெயர் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு ஒரே மரத்தில் ஒட்டிவிடக்கூடாது, அப்பா அம்மா யார் என்று ஒவ்வொரு படியாக உறுதிசெய்துகொண்டே போக வேண்டும். ஃபேமிலிசர்ச்சில் பயனர்கள் கட்டியிருக்கிற பொது மரங்களில் இதைத்தான் ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டும், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால் ஆதாரம் இணைக்காத கிளைகளை நம்ப வேண்டாம்.

அமெரிக்கப் பக்கம் தேடினால் ஓட்டைகள் உண்டு. நியூ ஜெர்சியின் 1790 கணக்கெடுப்புத் தாள்கள் இப்போது இல்லவே இல்லை, அது எந்த இணையதளத்தின் குற்றமும் இல்லை. இங்கிலாந்தின் 1931 கணக்கெடுப்பும் 1942இல் தீயில் போய்விட்டது.

காசு வாங்குகிற தளங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் ஒன்றில் இலவச சோதனைக் காலம் என்று சேர்ந்தேன், காலம் முடிவதற்குள் ரத்து செய்தும் கார்டிலிருந்து பணம் எடுத்துவிட்டார்கள், திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அப்புறம் குடும்பப்பெயர் வரலாறு, குலச்சின்னம் என்று அழகாக ஃபிரேம் போட்டு விற்கிற கடைகள். இங்கிலாந்தில் அந்தச் சின்னம் ஒரு ஆளுக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது, அந்தப் பெயர் வைத்திருக்கிற எல்லாருக்கும் பொதுவானது கிடையாது. வாங்காதீர்கள்.

நம் குடும்பத்தைத் தேட இது உதவுமா என்றால், ஃப்ரீபிஎம்டி உதவாது. நமக்கு இனிஷியல்தான், தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும், குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட நம்மிடம் ஒன்றுமில்லை. ஆனால் ஊரில் இருக்கிற பழைய வெள்ளைக்காரக் கல்லறைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைக்கிறவர்கள் ஃபேமிலிசர்ச்சில் இந்தியப் பிறப்பு, திருமணம், இறப்புத் தொகுப்புகளைத் தனியாகத் தேர்ந்தெடுத்துத் தேடலாம். 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சியில் கொல்லப்பட்ட கோட்டைத் தளபதி கர்னல் ஃபான்கோர்ட்டை ஃப்ரீபிஎம்டியில் தேடினால் கிடைக்கவே மாட்டார், இறந்தது 1837க்கு முன்னால், அதுவும் இங்கிலாந்துக்கு வெளியே. மதராஸ் மாகாணத்துச் சபைப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன, ஃபிபிஸ் என்கிற பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கத்தின் தேடல் பக்கமும் இதற்கு நல்ல துணை. ஜே.ஜே. காட்டன் 1905இல் வெளியிட்ட மதராஸ் கல்லறைக் கல்வெட்டுத் தொகுப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வட ஆற்காட்டுக்கு அதில் தனிப் பகுதியே உண்டு.

ஃப்ரீபிஎம்டிக்கு ஐந்துக்கு நாலரை, அந்த அரை போனில் படிக்க முடியாததற்கு. ஃபேமிலிசர்ச்சுக்கு நாலு. லேப்டாப்பில், இரண்டையும் பக்கத்துப் பக்கத்துத் தாவல்களில் திறந்து வைத்துக்கொண்டு தேடுங்கள், முதலில் 1881 கணக்கெடுப்பு, அதில் கிடைக்கிற பிறந்த ஊரை வைத்து ஃப்ரீபிஎம்டியில் மாவட்டம், அப்புறம் சபைப் பதிவேடு என்று பின்னோக்கிப் போனால் வேலை சுலபம்.