புறக்கோட்டையில் அடிப்பித்த 21ஆம் இலக்க ஜேர்சி

மாமா எண்பதுகளில் ஒக்லஹோமாவில் படித்தவர், இன்றைக்கும் கூட்டாளிமாரோடு வெள்ளவத்தையில் கூடினால் பேச்சு, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கன் புட்போல் வீரர் பரி சாண்டர்ஸில்தான் போய் நிற்கும். 1988இல் 11 ஆட்டத்தில் 2,628 யார் ஓடி சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியவர், 2024இல் ஆஷ்டன் ஜென்டி என்ற கல்லூரி வீரர் 14 ஆட்டம் ஆடியும் 2,601தான் என்று மாமா விரல்விட்டு எண்ணுவார். மாமாவுக்காகத்தான் இந்தச் சின்னக் கடையில் சாண்டர்ஸின் செம்மஞ்சள் ஜேர்சி அடிப்பித்தேன். கடைத் தம்பி உதைபந்தாட்டம் என்றே நினைத்துப் பெயரை முதுகில் பொடி எழுத்தில் போட்டுவிட்டார், சரி, முகம் சுளிக்காமல் காசில்லாமல் திருப்பி அடித்துத் தந்தார். துணி கொஞ்சம் தடிப்பு, கொழும்பு வெயிலுக்கு வேர்க்கும். ஐந்தாறு தரம் தோய்த்தும் இலக்கம் உரியவில்லை. சொன்ன நாளுக்கு மட்டும் போகாதீர்கள், இரண்டு நாள் கழித்துப் போங்கள்.