பூட்லோடரைத் திறந்தால் வாரண்டி போய்விடுமா? நான்கு வழிகள், ஐந்தாறு கம்பெனிகள், ஓர் அலசல்

திருப்பூரில் இருக்கும் என் அக்கா மகன் தை மாதம் ஒரு போன் வாங்கினான். பதினெட்டாயிரம் ரூபாய். நாலாம் மாதமே பூட்லோடரைத் திறந்து லீனியேஜ் ஓஎஸ் ஏற்றிவிட்டான். பூட்லோடர் என்பது போனை ஆன் செய்ததும் ஓஎஸ்ஸை, அதாவது போனை இயக்கும் மென்பொருளை, கிளப்பிவிடும் சின்ன நிரல். கம்பெனி ஓஎஸ்ஸைத் தவிர வேறெதுவும் ஏறாதபடி அதைப் பூட்டி வைத்திருப்பார்கள். லீனியேஜ் என்பது வெளியார் செய்து இலவசமாகத் தரும் ஓஎஸ். ஏழாம் மாதம் மைக் போனது. இவன் பேசுவது எதிர்முனைக்குக் கேட்கவே இல்லை. சர்வீஸ் சென்டரில் போனை அணைத்துப் போட்டதும், பூட்லோடர் திறந்திருக்கிறது என்ற எச்சரிக்கை திரையில் வந்தது. கவுண்டரில் இருந்த தம்பி போனைத் திருப்பி நீட்டிவிட்டார். "சாஃப்ட்வேர் மாத்தியிருக்கீங்க, இனி வாரண்டி கெடையாதுங்க."

வெளியே வந்ததும் எனக்குப் போன் போட்டு அவன் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங் மாமா, மைக்குக்கும் ஓஎஸ்ஸுக்கும் என்னங் சம்பந்தம்?"

நம்ம பக்கத்துக்கு இது புதுக் கேள்வி கிடையாது. கிணற்று மோட்டார் வைத்திருக்கும் எல்லோரும் இதைப் பார்த்திருக்கிறோம். வாரண்டியில் இருக்கும் மோட்டாரை உள்ளூர் வைண்டிங் கடையில் பிரித்துக் காயில் கட்டினால், அப்புறம் காயில் எரிந்ததென்று கம்பெனியிடம் போய் நிற்க முடியாது. அது நியாயம்தான். ஆனால் வெளியே இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியில் காண்டாக்டரை மாற்றியதைக் காட்டி, மோட்டார் பாடியில் விழுந்த விரிசலுக்குப் பொறுப்பில்லை என்று டீலர் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டோம். எந்த மாற்றம் எந்தக் கோளாறைக் கொண்டுவந்தது என்று பார்த்துத்தான் பேசுவோம். போனுக்கும் அதே கணக்கைத்தான் போட வேண்டும்.

சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மேக்னஸன்-மாஸ் வாரண்டிச் சட்டம் இருக்கிறது. எங்கள் பாகத்தையே போட வேண்டும், எங்களிடமே சர்வீஸ் செய்ய வேண்டும் என்று வாரண்டியோடு கட்டிப்போடுவதை அது தடுக்கிறது. போனை மாற்றி அமைப்பவர்கள் தங்கள் வாதத்துக்கு அதைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொருளுக்குக் குறைந்தது இரண்டு வருடச் சட்டப் பொறுப்பு உண்டு. முதல் வருடத்தில் தெரியவரும் கோளாறு விற்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். இல்லையென்று காட்டுவது விற்றவர் வேலை. இந்தியாவில் ரூட் செய்வது, அதாவது கம்பெனி பூட்டி வைத்த முழு அதிகாரத்தையும் போனில் நம் கைக்கு எடுப்பது பற்றித் தனியாக ஒரு சட்டவரி இல்லை. நமக்கு இருப்பது 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. பொருளின் குறைபாடு, சேவைக் குறைபாடு, நியாயமற்ற ஒப்பந்தம் மூன்றையும் அது பேசுகிறது. வாரண்டி அட்டையில் அச்சடித்த நிபந்தனைக்கு இங்கே எடை உண்டு. அதற்காக, சம்பந்தமில்லாத கோளாறுக்கு அந்த நிபந்தனையைக் காட்டிக் கைவிரித்தால் கேட்க இடமில்லை என்று ஆகிவிடாது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

போனைத் தொடாமல் அப்படியே வைத்திருப்பது முதல் வழி. இதற்கு ஒரு சேதி மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். சில வருடங்களாக ஓஎல்இடி திரைகளில் பச்சைக் கோடு விழும் பிரச்சினை இந்தியாவில் பெரிதாகப் பேசப்பட்டது. கம்பெனி அனுப்பிய அப்டேட்டைப் போட்ட பிறகுதான் கோடு வந்தது என்று பலர் புகார் சொன்னார்கள். ஒன்பிளஸும் சாம்சங்கும் குறிப்பிட்ட சில மாடல்களுக்கு, வாரண்டிக் காலம் தாண்டியும் திரையை இலவசமாக மாற்றித் தந்தன. இப்படி ஒரு சலுகை வரும் நாளில் போன் கம்பெனி நிலையில் இருந்தால் பேச்சே எழாது.

இரண்டாவது வழி, பூட்லோடரைத் தொடாமல் வேண்டாத ஆப்களை மட்டும் அகற்றுவது. டெவலப்பர் ஆப்ஷனில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, கம்ப்யூட்டரில் ஏடிபி என்ற கருவி வழியாகப் போனுக்குக் கட்டளை கொடுத்தால், அழிக்கவே முடியாது என்று போன் சொல்லும் ஆப்களும் போய்விடும். கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் ஷிசுகு என்ற ஆப்பை வைத்தும் இதைச் செய்யலாம். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்த ஆப் உண்மையில் அழிவதில்லை. நம் பயனர் கணக்கிலிருந்து மட்டும்தான் விலகுகிறது. சிஸ்டம் பகுதியில் அப்படியே இருக்கிறது. ஃபேக்டரி ரீசெட் போட்டால் எல்லாம் பழையபடி வந்து உட்கார்ந்துவிடும். தெரியாமல் முக்கியமான ஒன்றை நீக்கி பூட்லூப்பில் (போன் முழுதாக ஆன் ஆகாமல் திரும்பத் திரும்பத் தொடங்குவது) மாட்டிக்கொண்டாலும் ரெக்கவரி என்ற மீட்பு மெனுவில் போய் ரீசெட் செய்து மீளலாம். ஆனால் ரீசெட்டில் டேட்டா போய்விடும் என்பதால், முதலில் பேக்கப் எடுத்துக்கொள்ள வேண்டும். போனை ஆன் செய்யும்போது எச்சரிக்கை எதுவும் வராது, வங்கி ஆப்களும் பொதுவாக முரண்டு பிடிக்காது. மோட்டார் உவமையில் சொன்னால், ஸ்டார்ட்டர் பெட்டியோடு வேலை முடிந்தது. விளம்பரத் தொல்லைக்காகவும் மெதுவாக ஓடுகிறது என்பதற்காகவும் ரூட் செய்யக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோருக்கு இது போதும் என்பது என் கணிப்பு.

மூன்றாவது, வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பூட்லோடரைத் திறந்து கஸ்டம் ரோம், அதாவது லீனியேஜ் போன்ற வெளி ஓஎஸ், போடுவது. அக்கா மகன் செய்தது இதுதான். முதல் அடியே முழு டேட்டாவையும் துடைத்துவிடும். பாதுகாப்புக்காக அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். அதன்பின் ஒவ்வொரு முறை போனை ஆன் செய்யும்போதும் அந்த எச்சரிக்கைத் திரை வரும். பிளே இன்டெக்ரிட்டி என்ற கூகுளின் சோதனையில் போன் தேறாது. அதை நம்பியிருக்கும் வங்கி, யுபிஐ ஆப்களில் பல வேலை செய்ய மறுக்கும். மாஜிஸ்க் என்ற ரூட் கருவியைப் போட்டு மறைக்கலாம் என்பார்கள். இன்றைக்கு மறைந்தது அடுத்த மாதம் வெளியே வந்துவிடும். சனிக்கிழமை சம்பளம் யுபிஐயில் வந்து, அன்றைக்கு ராத்திரியே மளிகைக் கடைக்கும் யுபிஐயில் போகிற ஊரில் இது சின்ன விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. சில மாடல்களில், படங்களைக் களவு போகாமல் காக்கும் வைட்வைன் என்ற ஏற்பாட்டின் தரம் எல்1-லிருந்து எல்3-க்கு இறங்கி, ஓடிடி படங்கள் தெளிவு குறைந்து ஓடுவதும் உண்டு.

இந்த வழியிலும் இரண்டு வகைக்காரர்கள் இருக்கிறார்கள். ஓஎஸ்ஸை மட்டும் மாற்றுகிறவர் ஒரு வகை. ஓஎஸ்ஸின் அடித்தளமான கர்னலை மாற்றி, சார்ஜ் ஏறும் மின்னோட்டத்தைக் கூட்டி, ஸ்பீக்கர் சத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றி வைப்பவர் இன்னொரு வகை. இரண்டாமவரின் பேட்டரி உப்பினாலோ ஸ்பீக்கர் கிழிந்தாலோ கம்பெனி மறுப்பதில் தப்பு காண முடியாது. அவர் காயிலை வேறு கேஜ் கம்பியில் கட்டியவர். முதலாமவரின் சார்ஜிங் போர்ட் தளர்ந்ததற்கும் வால்யூம் பட்டன் உள்ளே போனதற்கும் அதே பதிலைச் சொல்வது அநியாயம்.

நான்காவது வழி, வாரண்டி முடியும்வரை காத்திருந்து அப்புறம் திறப்பது. பொதுவாக இங்கே போனுக்கு ஒரு வருடம்தான் வாரண்டி. கம்பெனியில் செய்யும்போதே இருந்த குறை பெரும்பாலும் அதற்குள் வெளியே வந்துவிடும். கஸ்டம் ரோம் உண்மையில் தேவைப்படுவது, கம்பெனி அப்டேட் நிறுத்திய பிறகுதான். 2016 கடைசியில் சயனோஜென்மாட் என்ற பழைய கஸ்டம் ரோம் மூடப்பட்டு, அதன் தொடர்ச்சியாக லீனியேஜ் ஓஎஸ் தொடங்கியதிலிருந்து, கைவிடப்பட்ட எத்தனையோ போன்களை அது ஓட வைத்துக்கொண்டிருக்கிறது. என் பழைய போனும் அதில் ஒன்று. தோட்டத்து வீட்டில் ரேடியோவாகவும் கேமராவாகவும் இன்னும் ஓடுகிறது. அதில் வங்கி ஆப் எதுவும் இல்லை.

ஆக, என் வரிசை இது: வாரண்டிக்குள் இரண்டாவது வழி, வாரண்டி முடிந்து அப்டேட்டும் நின்ற பிறகு நான்காவது. மூன்றாவது வழியில்தான் போவேன் என்பவர், போன் வாங்கும் முன்பே கம்பெனியைப் பார்த்து வாங்க வேண்டும். அங்கேதான் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

எதிரும் புதிருமாக நிற்பவை ஒன்பிளஸும் மோட்டோரோலாவும். பூட்லோடரைத் திறப்பதாலோ ரூட் செய்வதாலோ மட்டும் வாரண்டி போகாது, அந்த மாற்றத்தால் வந்த சேதத்துக்கு மட்டும் பொறுப்பேற்க மாட்டோம் என்று ஒன்பிளஸ் தன் ஆரம்ப காலத்திலேயே சொன்னது. மோட்டோரோலா பூட்லோடரைத் திறக்கும் குறியீட்டைத் தன் இணையதளத்திலேயே தருகிறது. ஆனால் அதை வாங்கும்போதே வாரண்டி போகும் என்பதற்கு நம்மிடம் சம்மதம் வாங்கிக்கொள்கிறது. திறந்தே பார்க்காவிட்டாலும் குறியீடு வாங்கியது அவர்கள் கணக்கில் பதிவாகிவிடும். வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் செய்கிறார்கள் என்பது அதில் ஒரு நல்லது.

ஷாவ்மி குடும்பத்தில் 2018-இல் போக்கோ எஃப்1 வந்தபோது, பூட்லோடர் திறந்தாலும் வாரண்டி உண்டு என்று இந்தியாவில் அறிவித்தார்கள். கோயம்புத்தூர் இன்ஜினியரிங் கல்லூரி விடுதிகளில் அந்தப் போன் அப்படி ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன். இப்போது ஹைப்பர்ஓஎஸ் என்ற அவர்களின் புது ஓஎஸ் வந்த பிறகு திறக்க அனுமதி வாங்குவதிலேயே கெடுபிடி கூடியிருக்கிறது. அன்றைக்கு ஒரு மாடலுக்குச் சொன்னதை இன்றைய மாடலுக்கும் பொருத்திப் பார்க்காதீர்கள். உங்கள் மாடலின் வாரண்டி விதியை எடுத்துப் படியுங்கள்.

பிக்ஸல் இந்த வேலைக்கு மிகவும் தோதான போன். ஒரே கட்டளையில் திறக்கலாம். பழைய நிலைக்குத் திரும்பத் தேவையான ஃபேக்டரி இமேஜ் என்ற கம்பெனி மென்பொருள் கோப்புகளைக் கூகுளே பொதுவில் வைத்திருக்கிறது. உலாவியிலிருந்தே அதை ஃப்ளாஷ் செய்து (போனில் ஏற்றி), மறுபடி பூட்டிவிடலாம். கிராஃபீன் ஓஎஸ் போன்ற சில வெளி ஓஎஸ்களைப் போட்டாலும் பூட்லோடரைப் பூட்டியே வைக்க முடிகிறது.

சாம்சங்கில் நான் இந்த வேலையில் இறங்கமாட்டேன். 2013-இலிருந்து அதன் நாக்ஸ் பாதுகாப்பில் இ-ஃபியூஸ் என்ற, ஒருமுறை எரிந்தால் மீளாத மின்னணு ஃபியூஸ் ஒன்று இருக்கிறது. கம்பெனி கையெழுத்தில்லாத மென்பொருளை ஏற்றினால் அது எரிந்து, 0x0 என்ற எண் 0x1 ஆகிவிடும். டவுன்லோட் மோடில் போனால் வாரண்டி வாய்டு என்ற வரியே இந்த எண்ணோடு இருக்கும். மீண்டும் கம்பெனி ரோமைப் போட்டாலும் எண் திரும்பாது. செக்யூர் ஃபோல்டரும் சாம்சங் பேயும் அந்த போனில் அப்புறம் வேலை செய்யாது. போர்டையே மாற்றினால்தான் உண்டு. ஐபோனில் ஆப்பிள் போட்ட கட்டுகளை உடைக்கும் ஜெயில்பிரேக்கைப் பொறுத்தவரை, அப்படிச் செய்த போனுக்கு சர்வீஸ் மறுக்கலாம் என்று ஆப்பிள் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டரில் இணைத்து ரீஸ்டோர் செய்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். விவோ போன்ற கம்பெனிகள் திறக்கப் பொதுவான வழி தருவதே இல்லை என்பதால் அங்கே கேள்வியே எழுவதில்லை.

கம்பெனிகளை எடைபோட நான் வைத்திருக்கும் படிக்கல் ஒன்றுதான்: செய்த மாற்றத்திலிருந்து திரும்பி வர முடியுமா? திரும்ப முடிந்தால் கோளாறு யாருடையது என்பதைச் சோதித்தே காட்டிவிடலாம். அக்கா மகன் விஷயத்தில் நடந்ததும் அதுதான்.

மறுநாள் அவனோடு நானும் அதே சர்வீஸ் சென்டருக்குப் போனேன். மாற்றியதை மறைக்கவில்லை. "தம்பி, கம்பெனி சாஃப்ட்வேரையே நீங்க ஏத்திப் பாருங்க. மைக் வேலை செஞ்சா எங்க தப்பு, காசு குடுத்துட்டுப் போறோம். வேலை செய்யலைனா அது ஹார்டுவேருங்க. அதுக்கும் முடியாதுன்னா, சாஃப்ட்வேராலதான் மைக் போச்சுன்னு ஜாப் ஷீட்ல எழுதிக் குடுத்துருங்க" என்றேன். அவர் உள்ளே போய் மேனேஜரைக் கூட்டி வந்தார். அரைமணி நேரப் பேச்சுக்குப் பிறகு போனை வாங்கிக்கொண்டார்கள். கம்பெனி ரோம் ஏற்றியும் மைக் பேசவில்லை. மைக் இருக்கும் கீழ்ப்பலகையை மாற்ற ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார்கள். காசு வாங்கவில்லை.

எழுதிக் கொடுக்கச் சொன்னதுதான் அங்கே வேலை செய்தது. வாயால் மறுப்பது சுலபம். காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட யாரும் யோசிப்பார்கள். அப்படியும் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி தலைமையகம் பெங்களூரிலோ குருகிராமிலோ இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட இந்தச் சட்டம் இடம் தருகிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தேவைப்பட்டால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லும் அதிகாரமும் ஆணையத்துக்கு இருக்கிறது. மைக் எதனால் போனது என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது.

சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் வீட்டிலேயே கம்பெனி ரோமைப் போட்டுப் பூட்ட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மாடலுக்கு, அந்த நாட்டுக்கு உரிய ரோம்தானா என்று பார்த்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். சீனாவில் விற்ற போனில் வேறு நாட்டு ரோமை வைத்துக்கொண்டு பூட்டினால், அந்த நொடியே போன் பிரிக் ஆகலாம், அதாவது செங்கல் மாதிரி உயிரில்லாமல் போகலாம். அதற்கு வாரண்டி கேட்டு எந்தக் கவுண்டரிலும் நிற்க முடியாது.

அவன் போனுக்கு வாரண்டி முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. பூட்லோடரைப் பூட்டி, வேண்டாத ஆப்களை மட்டும் ஏடிபியில் நீக்கி வைத்திருக்கிறான். "மார்கழி முடியட்டுங் மாமா" என்கிறான்.